கிரி கிளியர்

எனக்குப் பாம்பென்றால் பயம் கிடையாது. ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். வாசலில் பாம்பு கிடந்தால் விளக்குமாற்றை எடுப்பேனே தவிர கத்த மாட்டேன். என் பயமெல்லாம் சக்கரத்தைப் பார்த்துத்தான். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பதினெட்டு வருடமாக எடைமேடைக் கிளார்க்காக இருக்கிறேன். பழக்குலை ஏற்றிய லோரிகள் நாள் முழுக்க என் கண்ணாடி ஜன்னலுக்கு இரண்டு முழம் தள்ளி உருளும். ஒவ்வொன்றும் மேடை ஏறும்போது தரை அதிரும், மேசையில் இருக்கும் தேத்தண்ணீர்க் குவளை அதிரும், நானும் அதிர்வேன். இத்தனை வருடத்தில் குவளைகூடப் பழகியிருக்கும், நான் பழகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். எதிரில் இருப்பவருக்கு நல்ல திட்டு விழும். நான் பயந்துபோயிருக்கிறேன் என்பது வாங்கிக் கட்டிக்கொண்டவருக்குத் தெரியவே தெரியாது. என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அவர் அந்தப் பழக்குலை லோரிகளில் ஒன்றை ஓட்டியவர். லோரியின் ஸ்டீரிங் வலது பக்கம். அங்கிருந்து இடது பக்கம் சரியாகத் தெரியாது. அதைப் பார்ப்பது இடது சீட்டில் இருக்கும் உதவியாளின் வேலை. கிளிண்டான் என்போம். அவன் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, “கிரி கிளியர்” என்பான். கிரி என்றால் மலாயில் இடது. அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, எடு என்று அர்த்தம். அந்த வார்த்தை விழுந்தபிறகு எந்த ஓட்டுநரும் தானாக ஒருமுறை இடது பக்கம் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. எட்டிப் பார்த்தால் கிளிண்டானை நம்பவில்லை என்று ஆகிவிடும். அப்படி ஒருமுறை பார்த்ததற்காக ஒரு கிளிண்டான் கோபித்துக்கொண்டு நடுவழியில் இறங்கிப் போனதை என் ஜன்னலிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

போன தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். காலையில் குளியலறை வாசலில் நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தவரின் இடது கையிலிருந்து குவளை விழுந்தது. குனிந்தவர் எழவில்லை. ஈப்போ மருத்துவமனையில் பன்னிரண்டு நாள். ஸ்ட்ரோக் என்றார்கள். உயிர் தப்பியது, இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வாய் கொஞ்சம் குழறியது. அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முதல் ஆறு மாதம்தான் முக்கியம் என்றார். வாரம் இரண்டு முறை தெரபிக்குத் தவறாமல் வந்தால் கால் நடக்கும், கை ஓரளவு வரும். விட்டுவிட்டால் பிறகு எவ்வளவு செய்தாலும் பெரிதாகப் பலன் இருக்காது. அன்றிலிருந்து என் வயிற்றில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

தெரபி ஈப்போவில், நாங்கள் இருப்பது இங்கே, தோட்டத்து லயத்துக்குப் பதிலாகக் கொடுத்த வரிசை வீட்டில். பஸ்ஸில் அவரால் ஏற முடியாது. போனில் கூப்பிடும் வாடகைக் காடிகள், அதாவது கார்கள், எங்கள் பக்கம் வர யோசிக்கும். பிள்ளைகளில் மூத்தவள் ஜொகூரில், இளையவன் சிங்கப்பூரில். பக்கத்து வீட்டுத் தம்பி மூன்று தடவை கூட்டிப்போனான். நான்காவது தடவை, “இன்னிக்கு கொஞ்சம் வேலை இருக்குக்கா” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த வாரம் தெரபி தவறியது. என்னிடம் லைசன்ஸ் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு எடுத்தது. காடி ஓட்டியதில்லை, ஆனால் புதுப்பிக்கத் தவறியதில்லை. இருபத்தேழு வருடமாக பர்சில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்த அந்த அட்டையை அன்றைக்கு வெளியே எடுத்தேன்.

புந்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் ஃபோமேன் ஒருவர் என் வீட்டுக்காரருக்குப் பழைய கூட்டாளி. இங்கே மெக்கானிக்கை ஃபோமேன் என்றுதான் சொல்வோம். அவர்தான் எங்களை ஏற்றிக்கொண்டு ஈப்போ ஓரத்தில் பழைய காடி விற்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். தகரக் கூரைக்குக் கீழே காடிகள் வரிசையாக நின்றன. எல்லாமே என்னைப் பார்த்து முறைப்பதாகத் தோன்றியது. கடை முதலாளியான சீனத் தவுக்கே என்னை ஒரு பார்வை பார்த்தார், தடியை ஊன்றிக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார், நேராக ஒரு சிவப்புக் காடியின் கதவைத் திறந்தார்.

“அக்கா, இது ஓட்டோ. நீ சும்மா மிதி, அது ஓடும். சேனாங் லா.”

சேனாங் என்றால் சுலபம். நான் அந்தச் சிவப்புக் காடியிலேயே ஏறிப் படுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். கிளட்ச் கிடையாது, கியர் மாற்ற வேண்டாம், ஒரு பயம் குறையும்.

“ஓட்டோ வேணாம்” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஓட்டப்போறது அண்ணிதானேண்ணே” என்றார் ஃபோமேன்.

“இப்பதான் அவ. மூணு மாசத்துல நான் ஓட்டுவேன். எனக்கு கியர் இருக்கணும். கியர் இல்லாததெல்லாம் ஒரு காடியா?”

வாயின் ஒரு ஓரம் இழுத்திருக்க, எச்சில் வழிய, அவர் அதைச் சொன்னார். ஃபோமேன் என்னைப் பார்த்தார். இடது கால்தான் கிளட்ச்சை மிதிக்க வேண்டும், இடது கைதான் கியரைப் போட வேண்டும். அவருக்கு விழுந்தது அந்த இரண்டும்தான். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், தவுக்கேயின் நாய்க்கும் தெரிந்திருக்கும். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. எப்போதும் வாயாடும் நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அதன் பலனைத்தான் பிறகு அனுபவித்தேன்.

வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன மேனுவல் காடி மூலையில் நின்றது. ஃபோமேன் அதன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பார்த்தார். வெள்ளத்தில் மூழ்கிய காடியென்றால் பெல்ட்டின் கடைசி முழத்தில் சேற்றுக்கறை தங்கிவிடுமாம். தரைவிரிப்பைத் தூக்கி மோந்தார். பானெட்டைத் திறந்து, திருகாணிகளில் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறதா, ஏற்கெனவே இடிபட்டு மாற்றியிருக்கிறார்களா என்று விரலால் தடவினார். அவர் தடவத் தடவ எனக்குப் பயம் கூடியது. ஒரு காடிக்குள் இத்தனை பொய் ஒளிந்திருக்க முடியுமா என்று அதுவரை எனக்குத் தெரியாது.

“காடி சுத்தம். கிளட்ச் மட்டும் கொஞ்சம் மேல புடிக்குது. பழகிடும் அண்ணி, ஓட்டிப் பாருங்க.”

ஓட்டிப் பார்த்தேன் என்று சொல்வது பொய். தவுக்கேயின் கூரையிலிருந்து வாசல் வரை நாற்பது அடி இருக்கும். அதற்குள் காடி ஐந்து தடவை குதித்து ஐந்து தடவை அணைந்தது. மூன்றாவது குதியில் நாய் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஆறாவது தடவைதான் பக்கத்து சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் தன் வலது கையைக் கியர்த் தலைமேல் வைத்தார்.

“நீ ஸ்டீரிங்கப் புடி, கிளட்ச்ச மிதி. கியர நான் பாத்துக்கிறேன்.”

மிதித்தேன். அவர் போட்டார். “விடு, மெதுவா விடு, இன்னும் மெதுவா” என்றார். காடி குதிக்காமல் நகர்ந்தது. அவருடைய நல்ல கையும் என்னுடைய இடது காலும் சேர்ந்து ஒரு ஓட்டுநர் ஆனோம். அவர் முகத்தில் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது, பாதிச் சிரிப்புதான். அந்தச் சிரிப்புக்காகவே அந்தக் காடியை வாங்கினேன். பயத்தை யார் கேட்டார்கள்?

அப்படித்தான் இரண்டு மாதம் ஈப்போவுக்குப் போய்வந்தோம். செவ்வாயும் வெள்ளியும் தெரபி நாட்கள். மேடு கண்டால் பயம், மேட்டில் சிவப்பு விளக்கு விழுந்தால் இன்னும் பயம். பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும் மோட்டார் சைக்கிள்களைக் கண்ணாடியில் பார்த்தால் கண்ணாடியையே திருப்பிவிடத் தோன்றும். கிளட்ச்சைக் கொஞ்சம் அதிகமாக விட்டால் அணையும், குறைவாக விட்டால் பின்னால் உருளும். உருண்டால் யாராவது ஒருவருடைய பிள்ளையின் கால் என் காடிக்குக் கீழே இருக்கும். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு ஓட்டுகிறவள் எப்படி நன்றாக ஓட்டுவாள்? வீடு வந்து சேரும்போது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும்.

அந்த நடுக்கத்தில் எனக்கு இருந்த ஒரே தைரியம் பக்கத்து சீட்டுதான். எங்கள் குடியிருப்புத் தாமான் சாலை பெரிய சாலையில் போய் முட்டும் சந்தியில், சிம்பாங் என்போம், ஈப்போவுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு பக்கமும் வண்டி வரும். முதல் நாளே நான் அங்கே நின்று இங்கும் அங்கும் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டபோது அவர் சொன்னார்: “நீ கானான் மட்டும் பாரு. கிரி நான் பாத்துக்கிறேன்.” கானான் என்றால் வலது. பிறகு தலையை முன்னால் நீட்டி, பழைய கிளிண்டான்களின் குரலில், “கிரி கிளியர்” என்றார்.

நான் எடுத்தேன். இடது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நீட்டிய அவர் தலைதான் தெரிந்திருக்கும். ஆனால் உண்மை என்னவென்றால் பார்க்கத் தோன்றவேயில்லை. பதினெட்டு வருடம் அந்த வார்த்தையைக் கேட்டு லோரிகள் நகர்வதைப் பார்த்தவள் நான். அதுவுமில்லாமல், வேலை போய், கை போய், கால் போய் உட்கார்ந்திருக்கும் மனுசனுக்குக் கிடைத்த ஒரு வேலை அது. சந்தேகப்பட எனக்கு மனம் வருமா? போகிற வழியில் எத்தனை சிம்பாங் வந்ததோ அத்தனையிலும் அவர் “கிரி கிளியர்” என்றார், நான் எடுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, அதே எங்கள் சிம்பாங். வலது பக்கம் யாருமில்லை. “கிரி கிளியர்” என்றார். எடுத்தேன். காடியின் மூக்கு சாலை நடுவில் ஏறியபோது இடது பக்கமிருந்து டயர் தேயும் சத்தம் கேட்டது. ஒரு மோட்டார் எங்கள் மூக்கை ஒரு சாண் விட்டு வளைந்து, சாலையைத் தாண்டிப் புல்லில் போய் விழுந்தது. ஓட்டி வந்தவர் ஒரு மலாய்க்காரர். எழுந்தார், முழங்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இறங்கி ஓடிப்போய் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பின் சீட்டில் கட்டியிருந்த காய்கறிக் கூடையைக்கூட அவர் சொல்லாமலே பொறுக்கிக் கொடுத்தேன். முழங்கால் சிராய்ப்புதான். “கண்ணு இருக்கா இல்லியா?” என்று மலாயில் கேட்டுவிட்டுப் போனார். அதற்கு மேல் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காடிக்குத் திரும்பியதும் என் பயமெல்லாம் என் வீட்டுக்காரர் மேல் விழுந்தது. “தூங்கிட்டீங்களா? இல்ல, எங்க பராக்கு பாத்தீங்க? ஒரு மனுசன் செத்துருப்பான். அவ்ளோ பெரிய மோட்டாரு, பாத்துட்டு கிளியர்னு சொல்றீங்களே!”

அவர் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். “சத்தியமா ஒன்னுமில்ல புள்ள. நான் பாத்தேன். ஒன்னுமே இல்ல. எங்கேருந்து வந்தான்?”

பொய் சொல்கிறவரின் முகம் எனக்குத் தெரியும். அது பொய் சொல்கிற முகமில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

அன்று தெரபியில் புதிதாக ஒரு மிஸ் வந்திருந்தாள். ஆயர் தாவார் ஊர்க்காரப் பெண், என் மகள் வயதிருக்கும். அதுவரை கால் பயிற்சிதான் நடந்தது. இவள் கைக்கான வேலைகளைப் பார்க்க வந்தவள். அவர் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, வட்டம் போட்டுக் கொடுத்து, “அங்கிள், இதுல கடிகாரம் வரைங்க” என்றாள். சின்னப் பிள்ளை வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே வரைந்து முடித்து, பேனாவை மூடி வைத்தார்.

எட்டிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்களும் இருந்தன. எல்லாமே வட்டத்தின் வலது பாதியில், லோரியில் மூட்டை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்று. இடது பாதி வெறும் வெள்ளை.

“எல்லாம் போட்டாச்சா அங்கிள்?”

“போட்டாச்சு. பன்னெண்டும் இருக்குல்ல?”

அந்தப் பெண் என்னை வெளியே கூட்டிப்போனாள். “ஆண்ட்டி, அங்கிளுக்குக் கண்ணு கெட்டுப் போவல. மூளை இடது பக்கத்தக் கணக்குல எடுத்துக்க மாட்டேங்குது. அந்தப் பக்கம் ஒன்னு இருக்குன்னே அவருக்குத் தோணாது. வீட்டுல கவனிச்சிருப்பீங்களே?”

கவனித்திருந்தேன். கவனித்துத் திட்டியிருந்தேன். சாப்பாட்டுத் தட்டில் வலது பாதியைத் தின்றுவிட்டு இடது பாதியில் மீனை அப்படியே விட்டு எழுவார். என் சமையலைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்திருப்பார், சோம்பேறித்தனம் என்றேன். சட்டையின் இடது கை மாட்டாமல் தொங்கிக்கொண்டிருக்கும்; கை வராததால் என்று விட்டுவிட்டேன். எல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது.

“அவருக்கே அது தெரியாது ஆண்ட்டி. அதான் ஆபத்து. அந்தப் பக்கம் கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துப் பழகணும். நீங்களும் சொல்லிக்கிட்டே இருங்க, மறைக்காதீங்க. முக்கியமா ரோட்டுல தனியா விட்டுறாதீங்க.”

வராண்டாவில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாரம் இரண்டு நாள், இரண்டு மாதம், போகவர எத்தனை சிம்பாங். ஒவ்வொன்றிலும் பாதி உலகத்தைப் பார்க்காத ஒருவரின் வார்த்தையைக் கேட்டு நான் காடியை எடுத்திருக்கிறேன். வரப்போவதற்குப் பயப்படுவது எனக்குப் பழக்கம். நடந்து முடிந்ததற்குப் பயப்படுவது அன்றுதான் புதிது, அது இன்னும் மோசம். அந்த லோரிகள், பஸ்கள், மோட்டார்கள் எல்லாம் தாமாக விலகிப் போயிருக்கின்றன. எங்களை யாரோ கையில் ஏந்தி அந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு சிம்பாங்கிலும் அவர் “கிரி கிளியர்” என்றார். நான் நகரவில்லை. அவர் தலையைச் சுற்றி எட்டி, நானே பார்த்து, பிறகு எடுத்தேன். மூன்றாவது சிம்பாங்கில் அவர் கேட்டார்.

“என்னா, நம்பிக்க இல்லியா?”

“டாக்டர் மிஸ் சொன்னாங்க. உங்களுக்கு இடது பக்கம் தெரியல. அதுக்குத்தான் அந்தக் கடிகாரம்.”

“எனக்கா தெரியல? இருபத்தி மூணு வருசம் லோரி ஓட்டுனவன் நானு. ஒரு தடவ இடிச்சிருப்பேனா? அந்தப் பொண்ணுக்கு என்னா தெரியும்லா?”

“காலையில மோட்டார் வந்துச்சே, அது தெரிஞ்சிச்சா?”

கியரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுங்கை சிப்புட் வரை இரண்டாவது கியரைத் தாண்டாமல் உறுமிக்கொண்டே வந்து சேர்ந்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்து முந்திப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நானே கியர் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு கற்றேன்; வேறு வழி இருக்கவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார், வலது பக்க ஜன்னலை, அதாவது என்னைத் தாண்டி. கால் நன்றாகத் தேறிக்கொண்டு வந்தது. தடியில்லாமல் வாசல் வரை நடந்தார். கை விரல்கள் இரண்டு மடங்கின. நான் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பி வைப்பேன். திரும்பிய பாதியைத் தின்பார், நன்றி சொல்ல மாட்டார். கால் தேறத் தேற என் பயம் கூடியது. ஏனென்றால் அவர் சொன்ன மூன்று மாதம் முடிந்திருந்தது.

லோரிக்காரர் வீட்டில் காடி முகம் வெளியே பார்த்துத்தான் நிற்க வேண்டும். அதனால் அந்தக் காடி கேட்டைப் பார்த்தபடி நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கேட்டின் இடது தூணுக்குப் பக்கத்தில் குந்தி, பூந்தொட்டிகளுக்கு மண் மாற்றிக்கொண்டிருந்தேன். எனக்கும் காடியின் மூக்குக்கும் நடுவில் மூன்று அடி இருக்கும். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால் ஓட்டுநர் சீட்டில் அவர். சாவியை எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“ஏங்க, என்னா செய்றீங்க?” என்றேன்.

அவர் தலை தூக்கினார். வலது பக்கம் திரும்பி, துணி துவைக்கும் இடத்தைப் பார்த்துச் சிரித்தார். “அங்கேயே நில்லு. ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன். பாத்துட்டு அப்புறம் பேசு.”

“நான் இங்க இருக்கேன்.”

“தெரியுது, தெரியுது” என்றார், அந்தப் பக்கத்தையே பார்த்து.

வலது கையால் இடது முழங்காலைப் பிடித்துத் தூக்கி, காலைக் கிளட்ச்சின் மேல் வைத்தார். அதே கையால் முழங்காலை அமுக்கினார். பிறகு கையைக் குறுக்கே கொண்டுபோய்க் கியர் போட்டார், ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். அந்தக் கால் அவ்வளவு நேரம் தாங்கியது எனக்கு ஆச்சரியம். தெரபி வேலை செய்திருக்கிறது என்று அந்த நிமிடத்திலும் ஒரு மூலையில் தோன்றியது. எனக்குப் பின்னால் தூண், இரண்டு பக்கமும் தொட்டிகள். கத்த வேண்டும் என்று நினைத்தேன். எத்தனை வருடமாக எதெதற்கோ கத்தியவள். அன்றைக்கு வாயிலிருந்து காற்றுதான் வந்தது. நகரவும் இல்லை. எப்படியும் பார்த்துவிடுவார், இத்தனை கிட்டத்தில் நிற்கும் பெண்டாட்டியைப் பார்க்காமல் இருப்பாரா என்று மனம் சொன்னது.

அவர் நேராகப் பார்த்தார். பிறகு பழைய பழக்கத்தில் கண்ணை இடது பக்கம் கொண்டுவந்தார். அந்தக் கண் என்னிடம் வந்துசேரும் முன்பே நின்று திரும்பிப் போனது. நான் நின்ற இடத்தில் உலகம் முடிந்துவிட்டது போல.

“கிரி கிளியர்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கால் வழுக்கியிருக்க வேண்டும். காடி குதித்தது. பம்பர் என் தொடையில் மோதி என்னைத் தூணோடு சேர்த்தது. ஒரு தொட்டி உடைந்தது. அதோடு எஞ்சின் அணைந்தது. கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் அணைந்துவிடும் அந்தக் கெட்ட குணத்தை மூன்று மாதமாகச் சபித்திருக்கிறேன். அந்தச் சிவப்பு ஓட்டோவாக இருந்திருந்தால் அது தூணைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று ஃபோமேன் பிறகு சொன்னார். எலும்பு தப்பியது. அந்த நேரத்தில் எனக்கு வலிகூடத் தெரியவில்லை. பற்கள் மட்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

தொட்டி உடைந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. “என்னா அது? எங்க இருக்க நீ?” என்றார், வலது பக்கம் தேடிக்கொண்டே. குரலில் பதற்றம். “புள்ள?”

“கிரியில” என்றேன். எனக்கே கேட்காத குரலில் வந்தது. “கிரியில இருக்கேன். திரும்புங்க.”

கழுத்தைத் திருப்பினார். பானெட்டின் நடுவோடு நின்றுவிட்டது.

“இன்னும்.”

கொஞ்சம் திருப்பினார்.

“இன்னும் திரும்புங்க. இன்னும்.”

வலது கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, உடம்போடு சேர்த்துத் திரும்பினார். அவர் பார்வை பம்பருக்கு வந்தது, என் சேற்றுக் கைக்கு வந்தது, கடைசியில் என் முகத்துக்கு வந்தது. காடிக்கும் தூணுக்கும் நடுவில் நான் நிற்பதை அப்போதுதான் கண்டார். அவர் வாய் திறந்து அப்படியே நின்றது. ஸ்ட்ரோக் வந்த அன்றுகூட அந்த முகத்தில் நான் பயத்தைப் பார்த்ததில்லை.

“எப்ப வந்த அங்க?”

“வரல. முதல்லேருந்தே இங்கதான் நிக்கிறேன்.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுத்தால் நான் மறுபடியும் காணாமல் போய்விடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சாவியை உருவி, ஜன்னல் வழியாக நீட்டினார். வலது பக்கம்தான் நீட்டினார். நான் பம்பருக்கும் தூணுக்கும் நடுவிலிருந்து நழுவி, தொடையைப் பிடித்துக்கொண்டு, தொட்டிகளைத் தாண்டி, காடியைச் சுற்றிப் போய் வாங்கிக்கொண்டேன்.